துடுப்பும் கூடாரமும்: வாசகர் கேள்விகள்

போன இதழில், மலை நீர்த்தேக்கத்துக்கு முதன்முதலாகப் படகு விடப் போகிறவர்களுக்காக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 'பார்க்க ஏரி மாதிரி இருக்கும், ஆனால் அதை ஏரி என்று நம்பிப் போகாதீர்கள்' என்று அதில் ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கின்றன. பதினெட்டு வருடமாக கயாக் என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகு ஓட்டவும் கூடாரம் போட்டுத் தங்கவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நேரில் வருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இவைதான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்கக் கேள்விகளுக்கே.

அக்கா, போன வருடம் குடும்பத்தோடு போனோம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்குத் துடுப்புப் படகில் ஏறினோம். ஏறும்போது தண்ணீர் அசையாமல் இருந்தது. அரை மணி நேரத்தில் அலை வந்து, திரும்பிக் கரை சேரவே முடியவில்லை. குழந்தைகள் அழுதுவிட்டார்கள். நாங்கள் செய்த தவறு என்ன? (இரண்டு குழந்தைகளின் தாய்)

தவறு நேரத்தில்தான். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும். அதை ஒட்டியிருக்கும் காற்றும் சூடாகி மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியாக ஏறி வரும். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் இது கடிகாரம் மாதிரி நடக்கும். முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய்ந்ததும் அடங்கும். இரவில் சரிவு குளிர்ந்து காற்று கீழ்நோக்கி இறங்கும்.

நீர்த்தேக்கம் என்பதே அணை கட்டி நிரப்பிய பள்ளத்தாக்குதானே. நீளமாக, குறுகலாக, இரண்டு பக்கமும் மலையோடு இருக்கும். உள்ளே நுழைந்த காற்று விலக வழியில்லாமல் நேராக ஓடும். அலை செங்குத்தான பாறைக்கரையில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்ந்துகொள்ளும். நீங்கள் மாட்டிக்கொண்டது அப்படிப்பட்ட தண்ணீரில்தான்.

அதனால் விடிந்ததும் இறங்குங்கள். பதினொரு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுங்கள். போகும்போது எதிர்காற்றில் போய், வரும்போது காற்று முதுகில் இருக்கும்படி பாதை வைத்துக்கொள்ளுங்கள். கை ஓய்ந்திருக்கும் நேரத்தில் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், தடுக்கக் கூடாது. நடுவே குறுக்காகப் போகாமல் கரையை ஒட்டியே போங்கள். மறுகரை பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். மலைகளுக்கு நடுவே தூரத்தைக் கண் எப்போதும் குறைத்தே காட்டும்.

இன்னொன்று, மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. உடனே தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப இறங்க வேண்டாம். மலையில் மேகம் ஒரு முகட்டுக்குப் பின்னாலேயே நிற்கும், தலைக்கு மேலே வரும்வரை தெரியாது.

என் கணவர் நன்றாக நீந்துவார். லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரியாதவர்களுக்குத்தான் என்கிறார். படகில் வைத்திருந்தால் போதாதா? (ஒரு வாசகி)

போதாது அம்மா. இந்தப் பதிலை அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மேலே வந்து சேரும் தண்ணீர் பல இடங்களில் உருகிய பனி. ஆழமும் அதிகம். வெயில் காலத்தில் மேலே ஓரிரு மீட்டர் தண்ணீர் கைக்கு இதமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் தனி அடுக்காகக் கிடக்கும். கையை விட்டுப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று குதிக்கிறவரின் கால் அந்த அடுக்குக்குள் போகும்போதுதான் விஷயம் புரியும்.

குளிர்ந்த தண்ணீர், அதே குளிரில் இருக்கும் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகத்தில் உடல் சூட்டை எடுத்துவிடும். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த மெதுவான குளிர்ச்சி இல்லை. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் மனித உடலுக்கு என்ன ஆகிறது என்று நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: 1, 10, 1. பனிபோல் குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்கு. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்பதற்கு. அதற்குப் பிறகு 1 மணி நேரம்போல ஆனபின்தான் உடல் சூடு இறங்கி நினைவு தப்பும். ஆனால் பலரும் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதே இல்லை. விழுந்த அதிர்ச்சியில் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. நீச்சல் தெரியுமா என்று யாரும் அப்போது கேட்கப் போவதில்லை.

இதை நான் எங்கோ படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் வருடம், ஒரு தோழியோடு ஆளுக்கொரு கயாக்கில் போய்க்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் கயிற்றுக்கு அடியில் செருகிவைத்தேன். வளைவு ஒன்றைத் தாண்டியதும் பக்கவாட்டில் காற்று அடித்தது, படகு கவிழ்ந்தது. மேலே வந்தேன், இருமினேன், எப்படியோ மூச்சு நிலைக்கு வந்தது. ஜாக்கெட் கைக்கு எட்டும் தூரத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்தும்விட்டேன். ஆனால் தண்ணீரில் மிதந்தபடி அதற்குள் கையை நுழைப்பது பாய்ந்து ஓடும் கன்றுக்குட்டிக்குச் சட்டை போடுகிற மாதிரி. ஒரு கை நுழைந்தால் மறுபக்கம் தலைக்கு மேலே எழும்பிக்கொள்கிறது.

எப்படியோ இரண்டு கையையும் நுழைத்தேன். மிச்சம் முன்பக்கம் ஒரே ஒரு பக்கிள். 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் விரல்கள் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மேல் இருப்பதைப் பார்க்கிறேன். அழுத்துகிறேன் என்று நினைக்கிறேன். விரலில் எந்த உணர்வும் இல்லை. வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல இருந்தது. தோழி வந்து தன் படகின் மூக்கை என் பக்கம் திருப்பி, 'கட்டிப் பிடிச்சுக்கோ' என்று கத்தினாள். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன், அப்படியே கரைவரை இழுத்துப்போனாள். எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நிமிடம்கூட இருக்காது. கரையில் என் பையின் ஜிப்பையும் அவள்தான் திறந்தாள்.

ஆக, படகில் வைத்திருக்கும் ஜாக்கெட் கணக்கில் சேராது. போட்டு, பக்கிள் மாட்டி, வாரை இழுத்த ஜாக்கெட்தான் கணக்கு. வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் உள்பக்கம் இருக்கும் எண்ணைப் பாருங்கள், எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்பதை நியூட்டன் கணக்கில் அது சொல்லும். 50 நியூட்டன் என்றிருந்தால் கரைக்குப் பக்கத்தில், நீந்தத் தெரிந்தவருக்கு, உதவிக்கு ஆள் இருக்கும்போது. 100 அல்லது அதற்கு மேல் என்றால் மல்லாக்கத் திருப்பி முகத்தை மேலே வைக்கும்படி செய்தது. குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் எடுக்க வேண்டும், கால்களுக்கு நடுவே போகும் வாரும் இருக்க வேண்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது பெரிய அளவு, வேறு எடுங்கள்.

விழுந்தவரைக் கரையேற்றிய பிறகு படுக்கவையுங்கள். ஈரத்துணியைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைச் சுற்றுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம். மது கொடுக்கவே கூடாது.

தண்ணீர் ஓரம் பார்த்து ஆசையாகக் கூடாரம் போட்டோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் கூடாரத்திலிருந்து இரண்டு அடியில் நிற்கிறது. இரவு மழையே இல்லை. எப்படி? (கல்லூரி மாணவர்கள் நால்வர்)

தம்பிகளா, நீங்கள் தப்பித்தீர்கள். ஏரியைப்போல நம்பிப் போகாதீர்கள் என்றேனே, அது இதற்காகத்தான் எழுதினேன். ஏரியின் நீர்மட்டம் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மெல்ல ஏறி இறங்கும். நீர்த்தேக்கத்தின் மட்டம் மதகுக்கும் மின் தேவைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். மின்சாரத்துக்காகக் கட்டிய சில இடங்களில், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கும். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்றி வைப்பார்கள், தேவை கூடும்போது திறந்துவிடுவார்கள். அங்கெல்லாம் ஒரே நாளில் மட்டம் மீட்டர் கணக்கில் மாறும். மேலே எங்கோ பெய்த மழையோ மதிய வெயிலில் உருகிய பனியோ இரவில்தான் வந்து சேரும் என்பதும் உண்டு.

கரையைக் கவனித்துப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே புல் பூண்டு எதுவும் இல்லாமல், வெளிறிப்போய் ஒரு பட்டை மலையைச் சுற்றி ஓடும். குளியல் தொட்டியில் படியும் கறை மாதிரி. அந்தப் பட்டை எங்கே முடிந்து நிலையான செடியும் மரமும் தொடங்குகின்றனவோ, அதுவரை தண்ணீருக்குச் சொந்தம். அந்தப் பட்டையில் சமதரையாக, மணலாக, கூடாரத்துக்கென்றே செய்த மாதிரி இடம் கிடைக்கும். அங்கே போடாதீர்கள். நிரம்பியிருக்கும் காலத்தில் இந்தப் பட்டை தெரியாது. அப்போது நீர்க்கரையிலிருந்து ஒரு அறுபது மீட்டராவது தள்ளி, அதைவிட மேடாகப் பாருங்கள். அந்த அறுபது மீட்டர் விலங்குகளுக்கும் நல்லது. இரவில் அவை தண்ணீர் குடிக்க வரும் வழியில் நீங்கள் படுத்திருக்க மாட்டீர்கள்.

மட்டம் இறங்கிய கரையில் இன்னொரு ஆபத்து சேறு. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கால் வைத்தால் முழங்காலுக்குப் போகும். படகை இழுத்துக்கொண்டு அதில் நடக்க வேண்டாம். கல் பாவிய இறங்குதுறை இருந்தால் கொஞ்சம் சுற்றானாலும் அதில் ஏறுங்கள்.

அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் எந்த நாளும் தங்காதீர்கள். பாறையும் நாலு குட்டையுமாகக் காய்ந்து கிடக்கும். மதகு திறந்தால் அது ஆறு. சைரன் கேட்டால் பொருளை எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஓடுங்கள். மேலே படகில் இருக்கும்போதும் அப்படித்தான். அணைச்சுவருக்கு முன்னால் கயிற்றில் கோத்த மிதவைகள் வரிசையாக நிற்கும், அதைத் தாண்டக் கூடாது. அதற்கு அப்பால் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். உபரிநீர் வழிந்து போகும் இடமும் அந்தப் பக்கம்தான்.

கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளமான இடத்தில் இரவில் குளிர்காற்று வந்து தேங்கும், துணி உள்பக்கம் நனைந்து சொட்டும். பள்ளத்தைவிடச் சற்று மேலே, காற்றுக்கு முதுகு காட்டி, காய்ந்த கிளை தலைக்கு மேல் இல்லாத இடம். படுக்கும் பாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கிவிடும், தரைக்குளிரைத் தடுப்பது பாய்தான்.

கீழே நன்றாக ஓடிய அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) மேலே போனால் இழுக்கவில்லை. காற்றடைத்த படகும் மேலே போனதும் விறைத்துக்கொண்டது. பழுதா? (ஒரு வாசகர்)

பழுது எதுவும் இல்லை. மேலே காற்று மெலிது. பெட்ரோல் எஞ்சின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும், 2,000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆள் எண்ணிக்கையைக் குறைத்து ஏறுங்கள். காற்றடைத்த படகை அங்கே போய்த்தான் முழுதாக நிரப்ப வேண்டும். கீழேயே நிரப்பி ஏற்றினால் வெளியழுத்தம் குறைந்து தையல் விடும். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் சற்றுத் தளரும், பம்ப்பில் இன்னும் கொஞ்சம் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அப்படியே குடிக்கலாமா? (பள்ளி ஆசிரியை)

வேண்டாம் டீச்சர். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி மலைநீரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், 3,000 மீட்டரில் சுமார் 90 டிகிரியிலேயே. அதனால்தான் நேரத்தைக் கூட்டுகிறோம்.

ஒரு விதிவிலக்கு. கோடைக் கடைசியில் ஓரத்துத் தண்ணீர் பச்சை பெயிண்ட் கொட்டிய மாதிரி ஏடு கட்டியிருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. குடிக்கவும் குளிக்கவும் வேண்டாம், நாயை இறங்க விடவும் வேண்டாம்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை நீர்த்தேக்கத்தில் கொட்டாதீர்கள், மட்கும் சோப்பாக இருந்தாலும். கரையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி மண்ணில் வீசுங்கள். கழிப்பிடம் இல்லாத இடத்தில் அதே தூரத்தில் ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடுங்கள். உங்கள் மாணவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: பல நீர்த்தேக்கங்கள் கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குழாயில் போய் முடிகின்றன.

இரவில் குளிர் தாங்கவில்லை. கரி அடுப்பில் தணல் மட்டும் வைத்துக் கூடாரத்துக்குள் கொண்டுபோகலாமா? (ஒரு வாசகர்)

கூடாது. கதவுத்துணியைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் கூடாது. புகை இல்லாமல் கனிகிற தணல்தான் கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. கேஸ் அடுப்பும் இதே கணக்கில்தான் வரும். சுடுதண்ணீரைக் கசியாத பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை சூடு இருக்கும்.

ஒரு நீர்த்தேக்கத்தில் நுழையும்போது என் படகு ஈரமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணீரில் இறங்கப் போகிற படகு ஈரமாக இருந்தால் என்ன? கெடுபிடி அதிகமில்லையா? (கோபமாக எழுதிய ஒருவர்)

உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் நான் அவர்கள் பக்கம். வரிக்குதிரைச் சிப்பி என்று கோடு போட்ட சின்னச் சிப்பி ஒன்று உண்டு, விரல் நகம் அளவு. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்தைச் சேர்ந்தது. கப்பல்களின் தண்ணீரோடு பயணம் செய்து, 1988-இல் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு படகுகளோடு நீர்நிலை நீர்நிலையாகப் பரவியது. ஒரு பெண் சிப்பி வருடத்துக்குப் பத்து லட்சம் முட்டைவரை இடும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு, உங்கள் படகின் அடியில் தேங்கிய ஒரு குவளைத் தண்ணீர் அவற்றுக்குப் போதும். வந்துவிட்டால் அணையின் குழாய்களுக்குள் கொத்துக்கொத்தாக ஒட்டி அடைத்துக்கொள்ளும். வந்தபின் முழுதாக ஒழிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

இறங்கி ஏறியதும் செடி, சேற்றைக் கழுவுங்கள். அடித்தண்ணீரை வடித்துவிடுங்கள், மோட்டாருக்குள் இருப்பதையும் சேர்த்து. அடுத்த நீர்நிலைக்குப் போகும்முன் ஐந்து நாளாவது உலரவிடுங்கள். ஸ்பாஞ்ச் ஒன்று படகிலேயே கிடக்கட்டும், மூலையில் ஒளிந்திருக்கும் தண்ணீரை அதுதான் எடுக்கும்.

தண்ணீருக்கு அடியில் ஊர் இருக்குமா? அண்ணன் இருக்கும் என்கிறான். (ஐந்தாம் வகுப்பு மாணவி)

அண்ணன் சொல்வது சில இடங்களில் உண்மைதான் கண்ணா. பள்ளத்தாக்கில் ஆறு இருந்தால் அதன் ஓரம் வயலும் வீடும் இருந்திருக்கும். அணை கட்டும்போது அவர்களையெல்லாம் வேறு இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டுத் தண்ணீரை நிரப்பியிருப்பார்கள். இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையில் ரெஷென் என்று ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. 1950-இல் நிரப்பினார்கள். பழைய ஊர் முழுகிப்போனது. 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலய மணிக்கூண்டு மட்டும் இன்றும் தண்ணீருக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. 2021-இல் பராமரிப்பு வேலைக்காகத் தண்ணீரைக் குறைத்தபோது, படிக்கட்டும் வீட்டுச் சுவர்களின் மிச்சமும் வெளியே தெரிந்தன. அந்த ஊரை விட்டுப் போனவர்களில் யாருக்கோ அது வாசற்படி. அதனால் எங்கேயாவது இப்படி ஒரு சுவரோ உடைந்த பானையோ கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு வராதே, பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடு.

ஊர் இல்லாத இடங்களிலும் மரம் இருந்திருக்கும். வெட்டியபின் நின்ற அடிக்கட்டைகள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கும். மட்டம் இறங்கிய மாதங்களில் அவை மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே ஒளிந்துகொண்டிருக்கும். பின்னால் உட்கார்ந்து படகு ஓட்டுகிற அப்பாவுக்கு அது தெரியாது. நீ லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முன்பக்கம் உட்கார். தண்ணீரில் கறுப்பாக ஒன்று தெரிந்தால், அலை அடிக்காத இடத்தில் ஒரு சின்னச் சுழிப்பு தெரிந்தால், எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டு. அண்ணன் துடுப்பை நிறுத்தட்டும்.